எது மாறவில்லை? ஒலிம்பியாட் கணக்குகளுக்குள் முதல் அடி

கணித ஒலிம்பியாட் என்றதும் மும்பையின் செம்பூர், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது வேகம்தான். நான்கு இலக்க எண்களை மனத்துக்குள்ளேயே பெருக்கிச் சொல்லும் பிள்ளை, அபாகஸ் மணிகள், கையில் கடிகாரத்தோடு நிற்கும் ஆசிரியர். செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லித்தருகிறேன். சேர்த்துவிட வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "இதைப் படித்தால் வேகம் வருமா, சார்?" என்பதுதான். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு உதவுமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு என் பதில், "வராது" என்பது. இரண்டாவதற்கு, ஓரளவு.

சர்வதேச கணித ஒலிம்பியாட் இரண்டு நாள் நடக்கும். ஒரு நாளைக்கு மூன்றே கணக்குகள். அவற்றுக்கு நாலரை மணி நேரம். கணக்குக்கு 7 மதிப்பெண் வீதம் மொத்தம் 42. ஒரு கணக்கோடு ஒன்றரை மணி நேரம் உட்காரலாம் என்று சொல்லும் தேர்வில் வேகத்துக்கு என்ன வேலை? அங்கே கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. அனுமதித்தாலும் பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது.

இந்தப் போட்டி 1959இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. இந்தியா 1989இல்தான் முதன்முதலாகக் கலந்துகொண்டது. ஏழே ஆண்டுகளில், 1996இல், போட்டி மும்பைக்கே வந்தது. செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் மான்குர்ட். அங்கேதான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. நாட்டின் ஒலிம்பியாட் திட்டங்களுக்கு அதுவே தலைமையிடம். முதற்கட்டத் தகுதித் தேர்வில் விடையாக ஒரு முழு எண்ணைக் குறித்தால் போதும். மண்டலத் தேர்வு, தேசியத் தேர்வு என்று மேலே போகப்போக விடையைவிட அதற்கான நிரூபணமே முக்கியமாகிவிடும். கடைசியில் ஆறு பேர் கொண்ட அணி தேர்வாகும். பழைய வினாத்தாள்கள் அந்த மையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்வதற்கு முன் அவற்றை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

திறந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் மிரண்டுபோய்த்தான் வருகிறார்கள். இயற்கணிதம், வடிவியல், எண் கோட்பாடு, சேர்வியல் (எத்தனை வழிகள் என்று எண்ணும் கணிதம்) என நான்கு துறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தனி வித்தை தேவைப்படுவதுபோலத் தோன்றும். விடையைப் படித்தால் புரிகிறது, ஆனால் அது எப்படித் தோன்றியது என்பது புரிவதில்லை. இந்த ஏமாற்றம் நியாயமானதுதான். விடைப் புத்தகங்கள் பெரும்பாலும் கோலத்தைக் காட்டுகின்றன, புள்ளிகளை அழித்துவிடுகின்றன.

நூறு வித்தைகளை மனப்பாடம் செய்வதற்குப் பதில், எந்தக் கணக்கிலும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி. இங்கே எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறதே, எது மாறவில்லை?

கரும்பலகையில் 1 முதல் 10 வரையுள்ள எண்களை எழுதுங்கள். ஏதாவது இரண்டை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வருவதை எழுதுங்கள். இப்போது ஒன்பது எண்கள் இருக்கும். மறுபடியும் இரண்டை அழியுங்கள், வித்தியாசத்தை எழுதுங்கள். இப்படியே போனால் ஓர் எண்தான் மிஞ்சும். அது 0 ஆக முடியுமா?

பிள்ளைகள் உடனே விளையாடத் தொடங்கிவிடுவார்கள். ஒருவருக்கு 1 வரும், இன்னொருவருக்கு 3, இன்னொருவருக்கு 5. அழிக்கும் வரிசைக்கு ஏற்ப விடை மாறும். ஆனால் யாருக்கும் 0 வராது, 2 வராது, 4 வராது. யாராவது ஒரு பிள்ளை கொஞ்ச நேரத்தில், "எல்லாம் ஒற்றைப்படையாகவே வருகிறதே!" என்று கத்தும். கணக்கு அந்தக் கத்தலில் பாதி முடிந்துவிட்டது.

மீதிப் பாதி, ஏன் என்பது. பலகையில் உள்ள எல்லா எண்களின் கூட்டலையும் கவனியுங்கள். தொடக்கத்தில் அது 55. நீங்கள் 7ஐயும் 3ஐயும் அழித்து 4ஐ எழுதினால், கூட்டலிலிருந்து 10 போய் 4 வருகிறது. மொத்தத்தில் 6 குறைகிறது. 6 என்பது அழித்த இரண்டில் சிறியதன் இரு மடங்கு. எந்த இரண்டை அழித்தாலும் இதே கதைதான்: கூட்டல் எப்போதும் ஓர் இரட்டை எண்ணாலேயே குறையும். ஆகவே ஒற்றைப்படையாகத் தொடங்கிய கூட்டல் கடைசிவரை ஒற்றைப்படையாகவே இருக்கும். மிஞ்சும் எண்ணும் ஒற்றைப்படை. 0 இரட்டைப்படை; எனவே வரவே வராது.

நாம் எத்தனை வழிகளில் எண்களை அழிக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. லட்சக்கணக்கான வழிகளை ஒரே ஒரு கவனிப்பு ஒன்றாக மூடிவிட்டது. நகையை உருக்கி வளையலாக்கினாலும் சங்கிலியாக்கினாலும் எடை அப்படியே இருப்பதுபோல. (தட்டார் சேதாரம் போடாதவரை. கணிதத்தில் சேதாரம் கிடையாது.)

மீதி பேசும்

எண் கோட்பாட்டில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மிகச் சாதாரணமான பதில், மீதி. ஒற்றை, இரட்டை என்பதே 2ஆல் வகுத்தால் வரும் மீதிதான். 2ஆல் வகுப்பதோடு நிற்காமல் 4, 9 என்று போனால் வேறு கதவுகள் திறக்கும்.

ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் என்ன மீதி வரும்? இரட்டை எண்ணின் வர்க்கம் 4ஆல் மிச்சமின்றி வகுபடும், மீதி 0. ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 1. 9, 25, 49 என்று பார்த்துக்கொள்ளலாம். 2, 3 ஆகிய மீதிகள் வர்க்கங்களுக்கு வருவதே இல்லை. அப்படியானால் இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 3 வராது.

2026ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்: 45² + 1². அடுத்த எண்ணான 2027ஐ எழுத முடியுமா? 2027ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. முடியாது. தேடிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. மீதி 3 என்றால் முடியாது, சரி. மீதி 1 என்றால் முடியும் என்று அர்த்தமா? இல்லை. 21ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1தான். ஆனால் 21லிருந்து 1, 4, 9, 16 ஆகியவற்றைக் கழித்தால் முறையே 20, 17, 12, 5 வருகின்றன, எதுவும் வர்க்கமில்லை. மாறாத ஒன்று நமக்குக் காட்டுவது பூட்டிய கதவை மட்டுமே. பூட்டாத கதவு திறக்கும் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. முடியும் என்றால் நாமே செய்து காட்ட வேண்டும். தேர்வில் இந்த வேறுபாட்டை மறந்தவர்களுக்கு மதிப்பெண் போவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

9ஆல் வகுக்கும் மீதி இன்னும் சுவையானது. ஓர் எண்ணையும் அதன் இலக்கங்களின் கூட்டலையும் தனித்தனியே 9ஆல் வகுத்தால் ஒரே மீதிதான் வரும். 10, 100, 1000 எல்லாவற்றுக்கும் 9ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான் காரணம். 5,382இல் 5 ஆயிரங்கள் 5 மீதியைத் தருகின்றன, 3 நூறுகள் 3ஐ, இப்படியே. அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளைகள் பெருக்கலைச் சரிபார்க்கப் பயன்படுத்திய அதே விஷயம்தான். இது சர்வதேச மேடைவரை போயிருக்கிறது.

1975இல் பல்கேரியாவில் நடந்த ஒலிம்பியாடின் நான்காவது கணக்கு இது. 4444 என்ற எண்ணை 4444 தடவை தன்னோடு பெருக்குங்கள். வரும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டலின் இலக்கங்களை மறுபடி கூட்டுங்கள். இன்னும் ஒருமுறை கூட்டினால் வருவது என்ன?

அந்த எண்ணை எழுதிப் பார்க்கத் தாள் போதாது. ஆனால் கேள்வியைப் பாருங்கள்: இலக்கங்களைக் கூட்டு, மறுபடி கூட்டு, மறுபடி கூட்டு. ஒவ்வொரு கூட்டலிலும் எண் சுருங்கிக்கொண்டே வருகிறது. 9ஆல் வகுத்தால் வரும் மீதி மட்டும் அசையாமல் நிற்கிறது. எனவே நமக்கு இரண்டே வேலைகள். அசையாத அந்த மீதி எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் வரும் எண் எவ்வளவு சிறியது என்று கணிக்க வேண்டும்.

முதல் வேலை. 4444இன் இலக்கக் கூட்டல் 16. 16ஐ 9ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே 7ஐ 4444 தடவை பெருக்கினால் வரும் மீதியைக் கண்டால் போதும். 7 × 7 × 7 = 343; அதை 9ஆல் வகுத்தால் மீதி 1. மூன்று மூன்றாக எடுத்தால் எல்லாம் 1 ஆகிவிடுகிறது. 4444இல் 1481 மூன்றுகள் போக ஒன்று மிஞ்சும். மிஞ்சிய அந்த ஒரு 7தான் மீதி.

இரண்டாவது வேலை. 4444ஐ 10,000 என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 10,000ஐ 4444 தடவை பெருக்கினால் 1க்குப் பின்னால் 17,776 பூஜ்யங்கள். நம்முடைய எண் அதைவிடச் சிறியது. எனவே அதற்கு 17,776 இலக்கங்களுக்கு மேல் கிடையாது. எல்லா இலக்கமும் 9 என்றே வைத்தாலும் முதல் கூட்டல் 1,59,984ஐத் தாண்டாது. அந்த வரம்புக்குள் உள்ள எண்களில் இலக்கக் கூட்டல் மிக அதிகமாக இருப்பது 99,999க்கு: 45. எனவே இரண்டாவது கூட்டல் 45ஐத் தாண்டாது. 45க்குள் இலக்கக் கூட்டல் அதிகமாக இருப்பது 39க்கு: 12. ஆக, கடைசி எண் 12க்குள் இருக்க வேண்டும், 9ஆல் வகுத்தால் மீதி 7 வர வேண்டும். 7ஐத் தவிர வேறு எண் இல்லை.

விடை 7. இதில் பயன்பட்ட கணிதம் எட்டாம் வகுப்பைத் தாண்டாது. தாண்ட வேண்டியிருந்தது மிரட்சியைத்தான்.

மறைந்திருக்கும் பெருக்கல்

பழைய பலகைக்கே வருவோம். 1 முதல் 10 வரை அதே எண்கள். இந்த முறை அ, ஆ என்ற இரண்டு எண்களை அழித்தால், அவற்றின் கூட்டலோடு அவற்றின் பெருக்கலையும் சேர்த்து, அ + ஆ + (அ × ஆ) என்று எழுத வேண்டும். கடைசியில் மிஞ்சுவது என்ன?

பத்து எண்களோடு மோதாதீர்கள். மூன்றை எடுங்கள்: 1, 2, 3. முதலில் 1, 2 என்றால் 5 வருகிறது; 5உம் 3உம் சேர்ந்து 5 + 3 + 15 = 23. முதலில் 2, 3 என்றால் 11. 11உம் 1உம் சேர்ந்து 23. முதலில் 1, 3 என்றால் 7. 7உம் 2உம் சேர்ந்து மறுபடியும் 23. எந்த வழியில் போனாலும் 23. அப்படியானால் உள்ளே ஏதோ ஒன்று மாறாமல் இருக்கிறது. 23ஐப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது 24க்கு ஒன்று குறைவு என்பதும், 24 = 2 × 3 × 4 என்பதும் கண்ணில் படும். ஒவ்வொரு எண்ணோடும் 1ஐக் கூட்டிப் பெருக்கியிருக்கிறோம்! சரிபார்ப்பது எளிது: (அ + 1) × (ஆ + 1) என்பதை விரித்தால் அ + ஆ + (அ × ஆ) + 1. பலகையில் உள்ள எண்களோடு ஒவ்வொன்றாக 1ஐக் கூட்டிப் பெருக்கினால் வரும் தொகை மாறுவதே இல்லை. பத்து எண்களுக்கு அது 2 × 3 × 4 என்று 11 வரை, அதாவது 3,99,16,800. மிஞ்சும் எண் அதற்கு ஒன்று குறைவு.

"இது எப்படி அங்கிள் தோன்றும்?" என்று கேட்ட பிள்ளைக்கு நான் சொன்னதும் இதுதான். தோன்றவில்லை, சின்ன எண்களை வைத்து விளையாடியபோது கண்ணில் பட்டது. இயற்கணிதம் பிறகு வந்து கையெழுத்துப் போட்டது.

இயற்கணிதத்தில் பத்தாம் வகுப்பிலேயே வரும் இன்னொரு மாறாத விஷயம், இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள். மூலங்கள் என்னவென்று தெரியாவிட்டாலும் அவற்றின் கூடுதலும் பெருக்கலும் கெழுக்களிலிருந்து தெரிந்துவிடும். பள்ளியில் இது இரண்டு மதிப்பெண் சூத்திரம். ஒலிம்பியாட் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற கணக்கு ஒன்று இதன்மேல்தான் நிற்கிறது.

1988, ஆஸ்திரேலியா, ஆறாவது கணக்கு. அ, ஆ இரண்டும் மிகை முழு எண்கள். அ² + ஆ² என்பதை (அ × ஆ) + 1 மிச்சமின்றி வகுக்கிறது. அப்படி வகுத்து வரும் ஈவு எப்போதும் ஒரு முழு வர்க்கம் என்று நிரூபிக்க வேண்டும். அந்த ஆண்டு உலகம் முழுவதிலிருந்தும் வந்த போட்டியாளர்களில் 11 பேர்தான் இதற்கு முழு மதிப்பெண் பெற்றார்கள்.

முதலில் உதாரணம் தேடுவோம். 112, 30 என்ற ஜோடி: வர்க்கங்களின் கூட்டல் 13,444, பெருக்கலோடு ஒன்று சேர்த்தால் 3,361, வகுத்தால் சரியாக 4. 30, 8 என்ற ஜோடியிலும் 964ஐ 241ஆல் வகுத்தால் 4. 8, 2 என்ற ஜோடியிலும் 68ஐ 17ஆல் வகுத்தால் 4. ஜோடிகள் மாறுகின்றன, ஈவு மாறவில்லை! 112, 30, 8, 2 என்று ஒரு படிக்கட்டு இறங்குவதும் தெரிகிறது. அடுத்த படி என்ன? 8 = 4 × 30 − 112; 2 = 4 × 8 − 30. அதே விதியில் 4 × 2 − 8 = 0. கடைசி ஜோடி 2, 0. அங்கே ஈவு 2² ÷ 1, அதாவது 4. வர்க்கம்! படிக்கட்டின் அடியில் வர்க்கம் இருக்கிறது. ஈவு வழியெங்கும் மாறாததால் மேல்படியிலும் அதே வர்க்கம்தான்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? ஈவை க என்று வைத்தால், அ² − (க × ஆ × அ) + ஆ² − க = 0. இதை அ-வுக்கான இருபடிச் சமன்பாடாகப் பாருங்கள். ஒரு மூலம் அ. இரண்டு மூலங்களின் கூடுதல் க × ஆ. ஆகவே மற்ற மூலம் (க × ஆ) − அ, அதுவும் முழு எண். மூலங்களின் பெருக்கல் ஆ² − க என்பதால் மற்ற மூலத்தை (ஆ² − க) ÷ அ என்றும் எழுதலாம். இரண்டில் அ சிறியது இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த மதிப்பு ஆ-வைவிடக் குறைவு. அது எதிர்மறையாகவும் போகாது: அந்தப் புது ஜோடிக்கும் வர்க்கங்களின் கூட்டல் மிகை எண்தான், அதே க-வும் மிகை எண்தான், எனவே பெருக்கலோடு ஒன்று சேர்த்ததும் மிகை எண்ணாகவே இருந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு படியிலும் பெரிய எண் போய்ச் சிறிய எண் வருகிறது. முழு எண்கள் என்றென்றும் இறங்கிக்கொண்டே இருக்க முடியாது. எங்கோ 0ஐத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் க = ஆ².

முதல் வாசிப்பில் இது முழுதாகப் பிடிபடாவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஒரு தாளில் 3, 27 என்ற ஜோடியை வைத்து இறங்கிப் பாருங்கள். ஈவு 9 வரும், ஒரே படியில் தரை தட்டிவிடும்.

வட்டமும் தொடுகோடும்

வடிவியலுக்குத் தாள், பென்சில், கவராயம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் வரையாமல் வடிவியல் படிப்பதில் பயனில்லை.

5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். மையத்திலிருந்து 13 செ.மீ. தூரத்தில் ப என்ற புள்ளி. அதிலிருந்து வட்டத்தை வெட்டும்படி ஒரு கோடு வரைந்தால், முதல் வெட்டுப்புள்ளிக்கு ஒரு தூரம், இரண்டாவதற்கு ஒரு தூரம் கிடைக்கும். கோடு மையம் வழியாகப் போனால் அவை 8, 18. கோட்டைக் கொஞ்சம் சாய்த்தால் ஓர் இடத்தில் 9, 16 என்று ஆகும். இன்னும் சாய்த்தால் இரண்டு புள்ளிகளும் நெருங்கி ஒன்றாகி, கோடு தொடுகோடாகிவிடும். அப்போது 12, 12. தூரங்கள் மாறுகின்றன. பெருக்கிப் பாருங்கள்: 144, 144, 144.

காரணம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடம்தான். ஒரு கோடு வட்டத்தை க, ச என்ற புள்ளிகளிலும் மற்றொரு கோடு ட, த என்ற புள்ளிகளிலும் வெட்டட்டும். க, ட இரண்டும் ப-வுக்கு அருகில் உள்ளவை. சட, தக ஆகிய கோடுகளை வரையுங்கள். ச-விலும் த-விலும் உண்டாகும் கோணங்கள் ஒரே வில்லான கட-வின்மேல் நிற்பவை, எனவே சமம். ப-வில் உள்ள கோணம் இரண்டு முக்கோணங்களுக்கும் பொது. ஆகவே பசட, பதக ஆகிய முக்கோணங்கள் வடிவொத்தவை; விகிதங்களை எழுதினால் பக × பச = பட × பத. ஒரே வில்லின் மேல் நிற்கும் கோணம் மாறாது என்ற பழைய விஷயம், பெருக்கல் மாறாது என்ற புது விஷயத்தைப் பெற்றுத்தந்திருக்கிறது.

இதை வைத்து என்ன செய்யலாம்? ம, ந என்ற புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும் இரண்டு வட்டங்களை வரையுங்கள். இரண்டையும் தொடும் ஒரு பொதுத் தொடுகோடு. முதல் வட்டத்தை க-விலும் இரண்டாவதை ச-விலும் தொடுகிறது. ம தொடுகோட்டுக்கு அருகில் உள்ள புள்ளியாக இருக்கட்டும். நம என்ற கோட்டை நீட்டினால் அது கச-வை வ என்ற இடத்தில் வெட்டும். வ சரியாகக் கச-வின் நடுப்புள்ளி! முதல் வட்டத்தைப் பார்த்தால் வக² = வம × வந. இரண்டாவது வட்டத்தைப் பார்த்தால் வச² = வம × வந. வலது பக்கம் ஒன்றே, வேறென்ன வேண்டும்? இரண்டு வட்டங்களின் அளவு எவ்வளவு வேறுபட்டாலும் இது நடக்கிறது. எனக்குப் பிடித்த நிரூபணங்களில் இது முதல் வரிசையில் வரும்.

இந்த ஒற்றை வரி, 2000இல் தென்கொரியாவில் நடந்த ஒலிம்பியாடின் முதல் கணக்கில் பாதி. அதே படம். ம வழியாகக் கச-வுக்கு இணையாக ஒரு கோடு; அது வட்டங்களை மறுபடி ட-விலும் த-விலும் வெட்டுகிறது (ட முதல் வட்டத்தில், த இரண்டாவதில்). டக, தச ஆகிய கோடுகள் எ-வில் சந்திக்கின்றன. நக, நச ஆகிய கோடுகள் அந்த இணைகோட்டைப் ப-விலும் ர-விலும் வெட்டுகின்றன. எப = எர என்று நிரூபிக்க வேண்டும்.

வ நடுப்புள்ளி என்பது தெரியும். ந-விலிருந்து பார்த்தால் பர என்பது கச-வுக்கு இணையான கோட்டுத்துண்டு. எனவே ம, பர-வின் நடுப்புள்ளி. இனி எம என்ற கோடு பர-வுக்குச் செங்குத்து என்று காட்டினால் போதும். எகச என்ற கோணம், இணைகோடுகளால், கடம என்ற கோணத்துக்குச் சமம். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையிலான கோணம் என்ற வகையில் மகச-வும் அதே கடம-வுக்குச் சமம். ச பக்கத்திலும் இப்படியே. எனவே கச-வின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் உள்ள எகச, மகச என்ற முக்கோணங்கள் சர்வசமம்; எ என்பது கச என்ற கண்ணாடியில் தெரியும் ம-வின் பிம்பம். அப்படியானால் எம, கச-வுக்குச் செங்குத்து. அதற்கு இணையான பர-வுக்கும் செங்குத்து. முடிந்தது.

எல்லாக் கணக்கும் இந்த ஒரு கேள்விக்கு மசிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சமனின்மைகள் (ஒன்று மற்றொன்றைவிடப் பெரியது என்று காட்டும் கணக்குகள்) வேறு ரகம். எண்ணிப் பார்க்கும் சேர்வியல் கணக்குகளுக்கு வேறு பழக்கம் வேண்டும். சில கணக்குகளில் மாறாதது எதுவுமே இருக்காது. ஆனால் 1988 கணக்கின் படிக்கட்டைப்போல ஒரே திசையில் மட்டும் நகரும் ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தேட வேண்டும். எதைத் தேடினாலும் முதலில் சின்ன எண்கள், சின்னப் படங்கள், நிறைய கிறுக்கல்.

கிறுக்கிப் பார்க்க ஒன்று தருகிறேன். ஒரு தீவில் மஞ்சள் பச்சோந்திகள் 10, சிவப்பு 12, நீலம் 14. வெவ்வேறு நிறமுள்ள இரண்டு சந்தித்தால் இரண்டும் மூன்றாவது நிறத்துக்கு மாறிவிடும். ஒரே நிறமானால் எதுவும் நடக்காது. என்றாவது ஒரு நாள் எல்லாம் ஒரே நிறமாக முடியுமா? ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு நிறங்களின் எண்ணிக்கை ஒன்று குறைய, மூன்றாவது இரண்டு கூடுகிறது. நிறங்களுக்கு இடையிலான வித்தியாசங்களை 3ஆல் வகுத்துப் பாருங்கள். அதை முடித்தபின் எண்ணிக்கையை 10, 13, 15 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்த முறை முடியும். ஆனால் முடியும் என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. எந்தெந்தப் பச்சோந்திகள் எத்தனை முறை சந்திக்க வேண்டும் என்று எழுத வேண்டும்.